கேமரா போர்ட்டுக்கு 802.1எக்ஸ்: சர்டிபிகேட் போடுவதா, எம்ஏபி-யோடு நிறுத்துவதா?

நொய்யல்கரை

வணக்கமுங்க. அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்டுக்கு கேமரா நெட்வொர்க்கைப் பூட்டோணும். மொத்தம் 40 ஐபி கேமரா. கட்டிங், செக்கிங், பேக்கிங், லோடிங் என்று உள்ளே 34. வெளியே 6: நாலு காம்பவுண்ட் சுவரில், ரெண்டு மெயின் கேட்டில். 24 போர்ட் பிஓஈ (நெட்வொர்க் வயரிலேயே கரண்டும் கொடுப்பது) மேனேஜ்டு சுவிட்ச் ரெண்டு இருக்கு. சுவிட்சுக்குள்ளேயே விஎல்ஏஎன் என்று தனி நெட்வொர்க்காகப் பிரித்திருக்கு: கேமராவும் அதைப் பதிவு செய்யும் என்விஆரும் விஎல்ஏஎன் 40, ஆபீஸ் விஎல்ஏஎன் 10. கேட்டுக்கு 100 மீட்டருக்கு மேல் ஆவதால் ஃபைபர் இழுத்து மீடியா கன்வர்ட்டர் போட்டு, அங்கே ஒரு 5 போர்ட் அன்மேனேஜ்டு பிஓஈ சுவிட்சில் ரெண்டு கேமராவும் மாட்டியிருக்கு.

சுவர்க் கேமராவின் வயரைக் கழற்றி லேப்டாப்பில் குத்தினால் நேராக என்விஆர் வரை போகலாம். இதை அடைக்கத்தான் 802.1எக்ஸ், அதாவது மாட்டுகிற சாதனம் தன்னை நிரூபித்தால்தான் போர்ட்டைத் திறக்கும் முறை. யாரை உள்ளே விடலாம் என்று சுவிட்சுக்குச் சொல்லும் ரேடியஸ் சர்வருக்கு உபுண்டு போட்ட சின்னப் பெட்டி ஒன்று, அதில் ஃப்ரீரேடியஸ் 3.

கேட்க வந்தது மூணு. சர்டிபிகேட் காட்டும் ஈஏபி-டிஎல்எஸ், பாஸ்வேர்டை வைத்து ஓடும் ஈஏபி-எம்டி5, மேக் அட்ரஸை மட்டும் பார்க்கும் எம்ஏபி, இதில் எது? ஈபி ஷட்டவுன் முடிந்து கரண்ட் வந்ததும் 40 கேமராவும் ஆள் தொடாமல் எழுந்து வரோணும், அதற்கு என்னென்ன செய்யோணும்? கேட்டு சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிற ரெண்டை என்ன பண்ணுவது?

ரேக்_வயர்

டிஎல்எஸ் போடுங்க. எம்டி5-இல் கேமரா மட்டும்தான் தன்னை நிரூபிக்கிறது, எதிரே இருப்பது உண்மையான சர்வரா என்று அது கேட்பதே இல்லை. அந்தப் பேச்சுவார்த்தையை ஒருத்தர் பிடித்துவிட்டால் பாஸ்வேர்டை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக உடைக்கலாம். ரேடியஸ் பக்கமும் பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே எழுதி வைக்க வேண்டி வரும். டிஎல்எஸ்-இல் ரெண்டு பக்கமும் சர்டிபிகேட் காட்டுகிறார்கள்.

ஃப்ரீரேடியஸை நிறுவும்போது அதுவே உண்டாக்கிக்கொள்ளும் சர்டிபிகேட்டை நம்பி இறங்காதீங்க. அது சோதனைக்கு வைத்தது. அதன் கூடவே வருகிற கான்ஃபிக் ஃபைல்களில் ஆயுள் 60 நாள் என்றுதான் இருக்கும். சொந்தமாக ஒரு சிஏ, அதாவது மற்ற சர்டிபிகேட்டுகளில் கையெழுத்திடும் தலைமைச் சர்டிபிகேட், உண்டாக்குங்க. அதன் கீழே சர்வருக்கு ஒன்று, கேமராவுக்கு ஆளுக்கொன்று. ஆர்எஸ்ஏ 2048, எஸ்எச்ஏ-256 போதும். சர்வர் சர்டிபிகேட்டில் சர்வர் ஆத், கேமராவுடையதில் கிளையண்ட் ஆத் என்ற பயன்பாட்டுக் குறி கட்டாயம் இருக்கோணும். இது விடுபட்டால் எல்லாம் சரியாகத் தெரியும், ஹேண்ட்ஷேக் மட்டும் கடைசியில் விழும்.

காமன் நேமாக கேமராவின் இடத்தைப் போடுங்க, கேம்-சுவர்-வடக்கு-01 என்கிற மாதிரி. கேமராவின் 802.1எக்ஸ் பக்கத்தில் ஐடென்டிட்டி என்று கேட்கும் இடத்திலும் அதே பெயர், எழுத்துப் பிசகாமல். ஃப்ரீரேடியஸின் ஈஏபி மாட்யூலில் செக்-சர்ட்-சிஎன் வரியைத் திறந்து யூசர்-நேமோடு ஒப்பிடச் சொல்லுங்க. இயல்பாக அது மூடியிருக்கும். மூடியிருந்தால் ஒரு கேமராவின் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கேமராவின் பெயரைச் சொல்லி அதன் விஎல்ஏஎன்-ஐ வாங்கிவிடலாம்.

பின்னலாடை_ஐடி

ரேக்_வயர் சொல்வது சரி, ஆனால் இது பேங்க் இல்லீங்க, பனியன் கம்பெனி. மூணு வருசம் கழித்து சர்டிபிகேட் காலாவதி ஆகும்போது அதைப் போட்டுக் கொடுத்தவர் அங்கே இருப்பாரா? ஒரே நாளில் உண்டாக்கிய 40 சர்டிபிகேட் ஒரே நாளில் சாகும். மறு ஆத்தென்டிகேஷன் வருகிற நேரத்தில் கேமரா ஒவ்வொன்றாக இருண்டு போகும், என்விஆர் கெட்டுவிட்டதென்று அதைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

என் கட்சி இது: எம்ஏபி போடுங்க, விஎல்ஏஎன் 40-ஐ இறுக்கமாகக் கட்டுங்க. கேமராவிலிருந்து என்விஆருக்கும் நேரம் சொல்லும் என்டிபி-க்கும் மட்டும் வழி, மற்றதெல்லாம் அடைப்பு. கேமராவுக்கும் கேமராவுக்கும் நடுவே பேச்சு வேண்டாம், போர்ட் ஐசொலேஷன் போட்டுவிடுங்க. இதையே ஒழுங்காகச் செய்தால் முக்கால்வாசி ஆபத்து போய்விடும். இதைச் செய்யாமல் டிஎல்எஸ் மட்டும் போட்டால் அரைப் பாதுகாப்புதான்.

ரேக்_வயர்

> விஎல்ஏஎன் 40-ஐ இறுக்கமாகக் கட்டுங்க

இதில் எனக்கும் மறுப்பில்லை. டிஎல்எஸ் போட்டாலும் இது வேணும். ஆனால் எம்ஏபி என்பது மேக் அட்ரஸைப் பார்த்து உள்ளே விடுவது. அந்த அட்ரஸ் கேமராவின் அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்தே இருக்கு. வயரைக் கழற்றும் அளவுக்கு ஏணி போட்டு ஏறியவன் ஸ்டிக்கரைப் படிக்க மாட்டானா? லேப்டாப்பில் மேக்கை மாற்ற ஒரு நிமிசம் ஆகாது.

எனவே வெளியே இருக்கிற 6-க்கும் டிஎல்எஸ் கட்டாயம். உள்ளே இருக்கிற 34-இல் டிஎல்எஸ் தெரிந்த மாடல்களுக்கு டிஎல்எஸ், தெரியாத பழையவற்றுக்கு எம்ஏபி. காலாவதிக் கவலைக்கு வழி இருக்கு: கேமரா சர்டிபிகேட்டுக்கு நீண்ட ஆயுள் கொடுங்க. இது நம் சொந்த சிஏ, இணையதளம் இல்லை. காணாமல் போன கேமராவை ரேடியஸில் தடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாதீங்க. 32 பிட் நேரக் கணக்கு வைத்திருக்கிற பழைய ஃபர்ம்வேர் அந்தத் தேதியைத் தாண்டிய சர்டிபிகேட்டை ஏற்கெனவே காலாவதி ஆனதாக எடுத்துக்கொள்ளக்கூடும். 2037 டிசம்பரோடு நிறுத்துங்க.

தடுப்பதற்கு சிஆர்எல் (ரத்தான சர்டிபிகேட் பட்டியல்) வேண்டாம், சின்ன இடத்துக்கு அது சுமை. ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் வழக்கமான கான்ஃபிக்கில் சிஆர்எல்-இன் ஆயுள் 30 நாள். புதுப்பிக்க மறந்தால் 31-ஆம் நாள் நல்ல கேமராவும் சேர்த்து எல்லாமே வெளியே நிற்கும். யூசர்ஸ் ஃபைலில் அந்தக் கேமராவின் பெயருக்கு ரிஜெக்ட் என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. செக்-சர்ட்-சிஎன் திறந்திருந்தால்தான் இந்த வரிக்கு மதிப்பு, அதை மறக்காதீங்க.

பெருந்துறை_யூபிஎஸ்

ரெண்டாவது கேள்விக்கு வருகிறேனுங்க. போட்ட அன்றைக்கு எல்லாம் ஓடும், அதை வைத்து முடிவு பண்ண முடியாது. ஒம்பது மணிக்குப் போன கரண்ட் அஞ்சு மணிக்கு வரும்போதுதான் உண்மை தெரியும். யூபிஎஸ் நடுவிலேயே படுத்திருக்கும்.

விலை குறைந்த கேமரா பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் அதன் தேதி 1970-க்கோ 2000-க்கோ போய்விடும். எழுந்ததும் சர்வர் சர்டிபிகேட்டைப் பார்க்கிறது: 2025-இல்தான் தொடங்குகிறது என்று போட்டிருக்கு, கேமராவின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. நிராகரித்துவிடும். நேரத்தைச் சரி செய்ய என்டிபி வேணும், என்டிபி-க்குப் போக போர்ட் திறக்கோணும், போர்ட் திறக்க நேரம் சரியாக இருக்கோணும். இந்த வட்டத்தில் மாட்டிய கேமராவை ஆள் போய்த் தொட்டால்தான் உண்டு.

இதற்குப் பலர் சொல்லும் வழி, தோற்றவர்களை விஎல்ஏஎன் 99-க்கு அனுப்பி அங்கே என்டிபி கொடுப்பது. கேமராவுக்கு ஸ்டாட்டிக் ஐபி போட்டிருந்தால் இது வேலைக்கு ஆகாது. விஎல்ஏஎன் 40-இன் ஐபி-யை வைத்துக்கொண்டு 99-இல் யாரோடும் பேச முடியாது. இன்னும் சிலர் கேமராவில் சர்வர் சர்டிபிகேட் சரிபார்ப்பையே அணைத்துவிடுவார்கள். அதற்கு டிஎல்எஸ் போட்ட பாதிப் பலன் போச்சு.

சுத்தமான வழி: சிஏ, சர்வர் ரெண்டு சர்டிபிகேட்டின் தொடக்கத் தேதியையும் பின்னுக்குத் தள்ளுங்க. ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் சிஏ கட்டளையில் ஸ்டார்ட்-டேட் என்று கொடுக்க இடம் இருக்கு. அதில் 700101000000-க்குப் பின்னால் இசட் எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தால் 1970 ஜனவரி 1 முதல் செல்லும். ஆண்டுக்கு ரெண்டு இலக்கம் மட்டும் எழுதும் இந்த முறையில் 50-உம் அதற்கு மேற்பட்டதும் 19-இல் தொடங்கும் ஆண்டு, அதனால் 70 என்றால் 1970தான். கேமரா எந்தத் தேதியில் எழுந்தாலும் சர்வரை ஒப்புக்கொள்ளும், உள்ளே வந்த பிறகு என்டிபி நேரத்தைத் திருத்தும். கேமராவின் சர்டிபிகேட்டைச் சரிபார்ப்பது ரேடியஸ் பெட்டி. அதன் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதால் அந்தப் பக்கம் தொந்தரவில்லை.

அந்த ரேடியஸ் பெட்டியிலேயே என்டிபி நேரம் கொடுக்கும் க்ரோனியை ஓட விடுங்க. கேமரா விஎல்ஏஎன்-க்கு அலவ் வரி ஒன்று, இன்டர்நெட் இல்லாதபோதும் நேரம் கொடுக்க லோக்கல் ஸ்ட்ராட்டம் 10 என்று ஒரு வரி. அலவ் இல்லாவிட்டால் க்ரோனி யாருக்கும் பதில் சொல்லாது. மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரியையும் பார்த்துவிடுங்க. அது செத்திருந்தால் மேலே சொன்னது அத்தனையும் வீண்.

நொய்யல்கரை

தொடக்கத் தேதியைப் பின்னுக்கு வைப்பது நல்ல வழிங்க. எழும் வரிசை எப்படி? சுவிட்ச் முன்னால் எழுந்து ரேடியஸ் பின்னால் எழுந்தால்?

பெருந்துறை_யூபிஎஸ்

அதுவும் வேணுமுங்க. முதலில் ரேடியஸ் பெட்டியின் பயாஸில், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி மாற்றுங்க. நிறையப் பெட்டிகளில் இது ஆஃப் என்றுதான் இருக்கும், யாராவது பட்டனை அமுக்கினால்தான் எழும். 40 கேமராவும் வெளியே நிற்பதற்கு இந்த ஒரு பட்டன் போதும்.

அடுத்தது சுவிட்ச். சிஸ்கோ ஐஓஎஸ் சொற்களில் சொல்கிறேன், மற்ற கம்பெனி சுவிட்சிலும் இதற்கு இணையானது இருக்கும். சர்வர் செத்திருந்தால் என்ன செய்வது என்ற அமைப்பில் கிரிட்டிக்கல் விஎல்ஏஎன் ஒன்று கொடுக்கலாம். சர்வர் உயிரோடு திரும்பியதும் ரீஇனிஷியலைஸ் என்று கொடுத்தால் எல்லா போர்ட்டும் மறுபடி பரீட்சை எழுதும். ரீஇனிஷியலைஸ் போடாவிட்டால் கிரிட்டிக்கலில் நுழைந்தது அங்கேயே உட்கார்ந்துவிடும்.

கிரிட்டிக்கல் விஎல்ஏஎன் எது என்பதில் தெளிவாக இருங்க. 40-ஐயே கொடுத்தால் ரேடியஸ் இல்லாத நேரத்தில் லேப்டாப்பும் உள்ளே போகும். உள்ளே இருக்கிற 34 போர்ட்டுக்கு அது பரவாயில்லை, பதிவு நிற்காமல் ஓடுவது முக்கியம். சுவர், கேட்டு போர்ட்டுகளுக்குக் கிரிட்டிக்கலே வேண்டாம், சர்வர் வரும் வரை மூடியே இருக்கட்டும். கரண்ட் போன நேரம்தான் திருடனுக்கும் தோது.

சென்னிமலை_தறி

போர்ட் அமைப்பில் கவனிக்க வேண்டியவை, சுருக்கமாக:

ஹோஸ்ட் மோடு சிங்கிள்-ஹோஸ்ட். மல்டி-ஹோஸ்ட் போட்டால் கேமரா உள்ளே போன பிறகு அதே போர்ட்டில் வருகிற யாரும் சோதனையில்லாமல் போகலாம், கேமரா போர்ட்டில் அது கூடவே கூடாது. போர்ட்ஃபாஸ்ட் போடுங்க, இல்லாவிட்டால் பழைய ஸ்பானிங் ட்ரீயில் 30 விநாடி வீணாகும். பிஓஈ பற்றிப் பயப்பட வேண்டாம். கரண்ட் கொடுப்பது ஆத்தென்டிகேஷனுக்கு முந்தியே நடந்துவிடும், போர்ட் மூடியிருந்தாலும் கேமரா எழும்.

802.1எக்ஸ் பதில் வராதபோது எம்ஏபி-க்கு விழ எவ்வளவு நேரம் என்று பலர் குழம்புவார்கள். ஒருமுறை கேட்டுவிட்டு சுவிட்ச் காத்திருக்கும் டிஎக்ஸ்-பீரியட் இயல்பாக 30 விநாடி, மறுமுயற்சி 2. ஆக 30 பெருக்கல் 3, மொத்தம் 90 விநாடி. அதற்குள் டிஎச்சிபி-யிடம் ஐபி கேட்டுச் சலித்த கேமரா 169.254-இல் தொடங்கும் ஐபி-க்கோ, கம்பெனி வைத்த ஐபி-க்கோ போய்விடும். டிஎக்ஸ்-பீரியட்டை 10 ஆக்கினால் 30 விநாடியில் முடியும். கேமராவுக்கு ஸ்டாட்டிக் ஐபி கொடுப்பது இன்னும் நல்லது.

10-க்குக் கீழே இறக்காதீங்க. நெட்வொர்க் லைட் எரிந்த பிறகும் கேமராவின் மென்பொருள் முழுசாக எழ ஒரு நிமிசம்கூட ஆகலாம். அதற்குள் சுவிட்ச் எம்ஏபி-க்கு விழுந்துவிடும். விழுந்தாலும் பிரயாரிட்டியில் டாட்1எக்ஸ் முன்னால் இருந்தால், கேமரா ஈஏபிஓஎல்-ஸ்டார்ட் (802.1எக்ஸ் பேச்சைத் தொடங்கும் செய்தி) அனுப்பியதும் சுவிட்ச் அதற்கே திரும்பும். வெளி 6 போர்ட்டில் எம்ஏபி வரியே இருக்கக் கூடாது. இருந்தால் டிஎல்எஸ்-ஐச் சுற்றிக்கொண்டு போக நாமே பின்வாசல் வைத்த மாதிரி.

எம்ஏபி பயன்படுத்துகிற இடத்தில் மேக் எழுதும் முறை முக்கியம். சிஸ்கோ இயல்பாக சின்ன எழுத்தில், நடுவே கோடோ புள்ளியோ இல்லாமல் 12 எழுத்தாக அனுப்பும். யூசர்-நேமும் பாஸ்வேர்டும் அதுவே. யூசர்ஸ் ஃபைலில் கோலன் போட்டு எழுதினால் ஒருநாளும் பொருந்தாது.

இன்னொன்று: ரேடியஸுக்கு 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்-ரேடியஸ் ஓட்டை. ஈஏபி பேச்சில், பாக்கெட்டை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் மெசேஜ்-ஆத்தென்டிகேட்டர் எப்போதும் இருப்பதால் டிஎல்எஸ் போர்ட்டுக்குப் பாதிப்பில்லை. எம்ஏபி-க்கு உண்டு. ஃப்ரீரேடியஸ் 3.2.5 அல்லது அதற்கு மேல் போட்டு, மெசேஜ்-ஆத்தென்டிகேட்டரைக் கட்டாயமாக்குங்க. சுவிட்ச் ஃபர்ம்வேரும் அதை அனுப்புகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டாயமாக்குங்க.

நொய்யல்கரை

கேட்டு சுவிட்சு?

ரேக்_வயர்

ஈஏபிஓஎல் ஃப்ரேம் போகிற முகவரி 01-80-சி2-00-00-03. இந்தத் தொகுப்பில் வருகிற முகவரிகளை ஒழுங்கான சுவிட்ச் எதுவும் அடுத்த போர்ட்டுக்குக் கடத்தாது, தரநிலையே அப்படித்தான். சில விலை குறைந்த அன்மேனேஜ்டு சுவிட்சுகள் கடத்திவிடும். அதை நம்பி வேலை செய்தால், நாளைக்கு அது புகைந்து வேறு ஒன்று மாட்டும்போது ரெண்டு கேமராவும் போகும். பிஓஈ எக்ஸ்டெண்டர்களும் இதே கதை. கடத்தினாலும் ஒரே போர்ட்டில் ரெண்டு மேக் வருவதால் சிங்கிள்-ஹோஸ்ட் ஒத்துவராது.

செய்ய வேண்டியது: அந்த இடத்தில் 802.1எக்ஸ் தெரிந்த சின்ன மேனேஜ்டு பிஓஈ சுவிட்ச். அது ரேடியஸோடு நேரடியாகப் பேசும், ரெண்டு கேமராவையும் அதுவே பரிசோதிக்கும். ரேடியஸின் கிளையண்ட் பட்டியலில் அதற்குத் தனி ஐபி, தனி ஷேர்டு சீக்ரெட். மூணு சுவிட்சுக்கும் ஒரே சீக்ரெட் வைக்காதீங்க. சீக்ரெட் 24 எழுத்துக்குக் குறையாமல், கண்டபடி கலந்ததாக இருக்கட்டும். பெட்டிக்குப் பூட்டு வேணும். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற அப்லிங்க் போர்ட் திறந்தே இருக்கும் என்பதால் பூட்டும் பாதுகாப்பில் ஒரு பகுதி. ஃபைபரை நேராக மாட்டும் எஸ்எஃப்பி உள்ள மாடலாக வாங்கினால் மீடியா கன்வர்ட்டர் அந்தப் பக்கம் தேவையில்லை.

மீடியா கன்வர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கேமராவுக்கும் சுவிட்சுக்கும் நடுவே கன்வர்ட்டர் இருந்தால், கேமராவைக் கழற்றியது சுவிட்சுக்குத் தெரியாது. கன்வர்ட்டர் லிங்கை உயிரோடு வைத்திருக்கும், போர்ட்டும் திறந்தே இருக்கும். அதே மேக்கோடு லேப்டாப்பைக் குத்தினால் அடுத்த மறு ஆத்தென்டிகேஷன் வரை ராஜபாட்டைதான். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்க லிங்கையும் அறுக்கும் லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூ உள்ள கன்வர்ட்டராக வாங்கி, அதன் டிப் சுவிட்சை ஆன் பண்ணுங்க.

இதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு ஹப்பை நுழைத்து, கேமராவைப் பேச விட்டுவிட்டு அதன் மேக்கில் கூடவே பேசுகிறவனை 802.1எக்ஸ் தனியாகத் தடுக்காது. அதற்கு வயரில் போகிற ஃப்ரேம்களையே பூட்டும் மேக்செக் வேணும், ரெண்டு பக்கமும் அதற்கு இடம் கொடுக்கோணும். அதனால்தான் பின்னலாடை_ஐடி சொன்ன அந்த அடைப்பு, அதாவது யார் எங்கே போகலாம் என்ற ஏசிஎல், எந்த நிலையிலும் தேவை.

பின்னலாடை_ஐடி

ஒத்துக்கிறேன். வெளியே டிஎல்எஸ், உள்ளே கலப்பு, எல்லாவற்றுக்கும் கீழே ஏசிஎல். இந்த அளவு யூனிட்டுக்கு இது தாங்கும்.

என்விஆர் பற்றி யாரும் கேட்கலை. பின்னாலேயே பிஓஈ போர்ட் வைத்த என்விஆர் வாங்கியிருந்தால், அந்த போர்ட்டுகளில் மாட்டிய கேமராவுக்கு 802.1எக்ஸ் கிடையாது. என்விஆருக்குள் இருக்கிறது சாதா சுவிட்ச். வெளிக் கேமராவை அங்கே மாட்டாதீங்க.

கவுந்தப்பாடி

எதில் விழுகிறது என்று கண்டுபிடிக்க: ஃப்ரீரேடியஸ் சர்வீஸை நிறுத்திவிட்டு, பெரிய எக்ஸ் ஆப்ஷனோடு கையால் ஓட விடுங்க. நிறுத்தாமல் ஓட்டினால் 1812 போர்ட் பிஸி என்று நின்றுவிடும். வருகிற வரிகளில் டிஎல்எஸ் அலர்ட் என்று தேடுங்க. அன்நோன் சிஏ என்றால் கேமராவில் சிஏ சர்டிபிகேட் ஏற்றவில்லை அல்லது வேறு சிஏ ஏறியிருக்கு. பேட் சர்டிபிகேட் என்றால் பெரும்பாலும் மேலே சொன்ன தேதிச் சிக்கல். அன்சப்போர்ட்டட் புரோட்டோகால் என்றால் கேமராவின் ஃபர்ம்வேருக்கு டிஎல்எஸ் 1.0 மட்டும்தான் தெரியும், உபுண்டு 22.04-இல் இருக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் 3 அதை ஏற்காது. ஃபர்ம்வேரை ஏற்றுங்க. வழியில்லை என்றால் அந்த மாடலை உள்ளே போட்டு எம்ஏபி-க்கு மாற்றுங்க. ஒரு கேமராவுக்காக சர்வரின் கீழ்வரம்பை 1.0-க்கு இறக்க வேண்டாம். மேல்வரம்பை 1.2-இலேயே வைத்தால் 1.3-இல் தடுமாறுகிற கேமராக்களும் ஒழுங்காக வரும்.

ரேடியஸில் ஒரு வரிகூட வரவில்லை என்றால் கோளாறு கேமராவுக்கும் சுவிட்சுக்கும் நடுவே, அல்லது சுவிட்சின் ஐபி கிளையண்ட் பட்டியலில் இல்லை. கேமராவில் ஈஏபிஓஎல் வெர்ஷன் 1, 2 என்று தேர்வு இருந்தால் மாற்றிப் பாருங்க. சேலஞ்ச் நாலைந்து போய்விட்டு திடீரென்று மௌனமானால் பெரிய பாக்கெட் வழியில் தொலைகிறது. ரேடியஸை கோவை ஹெட் ஆபீஸில் வைத்து விபிஎன் வழியாகப் பேச வைக்கும்போது இது வரும். யூனிட்டிலேயே பெட்டி இருப்பதால் உங்களுக்கு வராது.

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஈஏபிஓஎல்-டெஸ்ட் கருவியால் அதே சர்டிபிகேட்டை வைத்து சர்வரைச் சோதித்துக்கொள்ளுங்க. அங்கே பாஸ் ஆனது கேமராவில் விழுந்தால், குறை கேமரா பக்கம் என்று பிரிந்துவிடும். சாவியை பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வைத்தால் ஏற்க மறுக்கும் மாடல்களும், சர்டிபிகேட்டும் சாவியும் ஒரே ஃபைலில் இருக்கும் பிகேசிஎஸ் 12 மட்டும் கேட்கும் மாடல்களும் உண்டு.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. வெளி 6-க்கு டிஎல்எஸ், கேட்டுக்கு மேனேஜ்டு சுவிட்ச், சிஏ-வும் சர்வரும் 1970 முதல் 2037 வரை. கடைசியாக ஒன்று: மறு ஆத்தென்டிகேஷன் நேரத்தில் பதிவு ஒரு விநாடிகூட அறுந்து போகக் கூடாதுங்க. லோடிங் கேமராவில் அது பையர் ஆடிட்டில் கேள்வியாக வரும்.

சென்னிமலை_தறி

அறாமல் பண்ணலாமுங்க. ரேடியஸிலிருந்து செஷன்-டைமவுட் அனுப்பும்போது டெர்மினேஷன்-ஆக்ஷனும் கூடவே அனுப்புங்க, மதிப்பு 1, அதாவது ரேடியஸ்-ரிக்வெஸ்ட். அனுப்பாவிட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளும், நேரம் முடிந்ததும் செஷனையே வெட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அந்த இடைவெளிதான் பதிவில் ஓட்டையாகத் தெரியும். 1 என்றால் போர்ட் திறந்திருக்கும்போதே பின்னால் மறுபடி சரிபார்க்கும். விஎல்ஏஎன்-ஐயும் ரேடியஸே சொல்வதாக இருந்தால் மூணு வரியும் ஒவ்வொரு முறையும் போகோணும்: டனல்-டைப் 13, டனல்-மீடியம்-டைப் 6, டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி 40. மறு ஆத்தென்டிகேஷனில் இதில் ஒன்று விட்டுப்போனாலும் கேமரா, போர்ட்டில் எழுதி வைத்த விஎல்ஏஎன்-க்கு மாறிவிடும். அதனால் போர்ட்டின் ஆக்சஸ் விஎல்ஏஎன்-ஆக எதற்கும் உதவாத ஒன்றை, 999 மாதிரி, எழுதி வையுங்க. உள்ளே இருக்கிற 34-க்கு செஷன்-டைமவுட் 86400 விநாடி போதும். வெளியே இருக்கிற 6-க்கு 3600.